தேவாலயத்தில் பதிவான இரண்டு இரவுகள்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, பழைய மாணவிகள் பாடகர் குழுவின் சார்பில் கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டை முன்னிட்டு எங்கள் குழு ஓர் இசைத்தட்டு வெளியிட வேண்டுமென்று செயற்குழு தீர்மானித்தது உங்களுக்குத் தெரியும். அதை எங்கே, எப்படிப் பதிவது என்பதில் ஆறு மாதமாக இரண்டு கட்சிகள். கொழும்பில் நல்ல ஸ்டூடியோ ஒன்றை எடுத்து, ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருப்பவர்கள் தங்கள் குரலைத் தனித்தனியே பதிந்து அனுப்ப, எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்போம் என்பது ஒரு கட்சி. இதே மண்டபத்தில், நீங்கள் எல்லோரும் வாங்குகளில் இருக்க, நேரடியாகப் பாடிப் பதிவோம் என்பது மற்றக் கட்சி. நாங்கள் இரண்டாவது கட்சி. அதற்கு நியாயம் சொல்லவே இன்று மேடைக்கு வந்திருக்கிறோம். எங்கள் சாட்சி அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பெண். பெயர் அரீத்தா ஃபிராங்ளின்.

அவரைச் சினிமாப் பாட்டுக்காரி போன்ற ஒருவராக மட்டும் அறிந்தவர்கள் இங்கே இருக்கலாம். 1967இல் 'றெஸ்பெக்ற்' என்ற பாட்டால் உலகம் முழுக்கப் பெயர் எடுத்தவர். ஓட்டிஸ் ரெடிங் என்ற பாடகர் 1965இல் எழுதிப் பாடிய பாட்டு அது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கும் பாட்டாக இருந்ததை, பெண் கேட்கும் பாட்டாக இவர் திருப்பிவிட்டார். அதன்பின் அது யாருடைய பாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் பேச வந்தது அந்த அரீத்தாவைப் பற்றியல்ல.

1942 மார்ச் 25இல் மெம்பிஸ் நகரில் பிறந்தார். தந்தை சி. எல். ஃபிராங்ளின் பப்ரிஸ்ட் சபைப் போதகர். டெட்ரொயிட்டில் நியூ பெத்தேல் தேவாலயத்தின் பொறுப்பை ஏற்றவர். அவருடைய பிரசங்கங்களே இசைத்தட்டுகளாக வந்து விற்கும் அளவுக்குப் பெயர் பெற்றவர். தாய் பார்பரா பாடவும் பியானோ வாசிக்கவும் வல்லவர். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தனர். அரீத்தாவுக்குப் பத்து வயது நிறையச் சில வாரங்களே இருக்கையில் தாய் இறந்துபோனார். அந்த வீட்டுக்கு வந்துபோன பெண்கள்தாம் பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவர் மஹாலியா ஜாக்சன், இன்னொருவர் கிளாரா வார்ட். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கொஸ்பல் இசையில் இவர்களுக்கு மேலே பெயர் சொல்ல ஆளில்லை. ஓர் உறவினரின் இறுதிச் சடங்கில் கிளாரா வார்ட் பாட்டின் வேகத்தில் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி எறிந்ததைப் பார்த்த கணத்தில்தான் தானும் பாடகியாவது என்று முடிவெடுத்ததாக அரீத்தா சொல்லியிருக்கிறார். பியானோ பாடம் எடுக்க ஆள் வந்தால் அவருக்குப் பிடிக்காது. காதால் கேட்டே வாசிக்கப் பழகினார். (இங்கே எங்களுக்குச் சங்கீதம் படிப்பித்தவர்கள் இதைக் கேட்டுப் புருவம் உயர்த்துவது தெரிகிறது. அவர் அரீத்தா, நாங்கள் நாங்கள்தான்.)

1956இல், பதினான்கு வயதில், அவருடைய முதல் ஒலிப்பதிவு. எங்கே? ஸ்டூடியோவில் அல்ல. தகப்பனின் தேவாலயத்தில், சபையார் முன்னிலையில். அந்தப் பதிவில் 'நெவர் குறோ ஓல்ட்' என்றொரு பாட்டு உண்டு. முதுமையே இல்லாத ஒரு தேசத்தைப் பற்றிய பாட்டு. அதைப் பதினான்கு வயதுச் சிறுமி பாடினாள். அந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

பதினெட்டு வயதில் தேவாலயத்துக்கு வெளியே வந்து கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். இது சின்ன விஷயமல்ல. கடவுளுக்குப் பாடிய குரலைக் காதல் பாட்டுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி அந்தச் சமூகத்தில் மிகக் கூர்மையானது. மஹாலியா ஜாக்சன் கடைசிவரை அந்தப் பக்கம் போக மறுத்தவர். சாம் குக் போனவர். கொஸ்பல் கேட்டு அவரைக் கொண்டாடியவர்களில் பலர் அதை மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வேலி எவ்வளவு உறுதியானது என்று பார்த்தால் வேறு கதை தெரியும். கொஸ்பல் இசையின் தந்தை என்று போற்றப்படும் தோமஸ் டோர்ஸி, அதற்கு முன் 'ஜோர்ஜியா டொம்' என்ற பெயரில் புளூஸ் வாசித்துப் பிழைத்தவர். 1932இல் மனைவி பிரசவத்தில் இறந்து, பிறந்த குழந்தையும் இறந்துபோன துயரத்தில்தான் 'பிரெஷஸ் லோர்ட்' என்ற பாட்டை எழுதினார். தேவாலயத்தில் பாடும் பாட்டுக்கும் வீதியில் கேட்கும் இசைக்கும் இடையில் கதவு எப்போதும் சிறிது திறந்தே கிடந்திருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி என்ற நாடக வடிவத்தைத் தூக்கிப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனவர் என்பதை அறிந்த நமக்கு இது புதிதாகப் படக்கூடாது.

கொலம்பியாவில் ஆறு வருடம் பெரிய வெற்றியில்லை. அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறியபின் 1967இலிருந்து ஐந்து வருடம் தொட்டதெல்லாம் பொன். அந்த உச்சியில் நிற்கும்போதுதான், இருபத்தொன்பது வயதில், தேவாலயத்தில் பாடி ஓர் இரட்டை இசைத்தட்டு பதிய வேண்டுமென்று தீர்மானித்தார். சந்தை தெரிந்த எவரும் அந்த நேரத்தில் அதைச் செய்யச் சொல்லமாட்டார்.

இடம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதி, வாட்ஸ் வட்டாரம். 1965இல் அந்த வட்டாரத்தில் நடந்த கொந்தளிப்பில் 34 பேர் மாண்டார்கள். அந்தக் காயம் ஆறியிராத காலம். அங்கே நியூ டெம்பிள் மிஷனறி பப்ரிஸ்ட் தேவாலயம். பெரிய கோபுரமெல்லாம் நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் சினிமாத் தியேட்டராக இருந்த கட்டடம். 1972 ஜனவரி 13, 14, வியாழனும் வெள்ளியும், இரண்டு இரவுகள்.

நடத்தியவர் போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட். சிக்காகோவில் டோர்ஸியின் தேவாலயத்தில் சிறுவனாகப் பாடியவர், டெட்ரொயிட்டில் அரீத்தாவின் தந்தையின் சபையில் இசைப் பொறுப்பு வகித்தவர், அரீத்தாவைச் சிறுவயது முதல் அறிந்தவர். 1963இலேயே ஏஞ்செலிக் பாடகர் குழுவுடன் 'பீஸ் பி ஸ்டில்' என்ற நேரடிப் பதிவை வெளியிட்டு, சபையாரும் பாட்டின் பங்காளிகள் என்பதை இசைத்தட்டில் நிரூபித்தவர். அவருடைய சதர்ன் கலிபோர்னியா கொம்யூனிற்றி பாடகர் குழு பின்னணியில். அதை நெறிப்படுத்தியவர் அலெக்சாண்டர் ஹமில்டன். வாத்தியக்காரரில் பெரும்பகுதி அரீத்தாவுடன் வெளி மேடைகளில் வாசித்தவர்கள்: கிட்டாருக்கு கோர்னெல் டுப்ரீ, பேஸ் கிட்டாருக்கு சக் ரெய்னி, ட்ரம்ஸுக்கு பேர்னார்ட் பேர்டி. தேவாலயத்து ஓர்கனுக்கு கென் லப்பர். கவனியுங்கள், வெள்ளிக்கிழமை இரவு நடன மேடையில் அடிக்கும் அதே ட்ரம்ஸ்காரர் இங்கே பீடத்துக்கு அருகே உட்கார்ந்திருக்கிறார்.

நேரடிப் பதிவு என்றால் என்ன என்பதை எங்கள் இளைய தங்கைமாருக்காகச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவில் ஒவ்வொரு குரலும் தனி மைக்கில், தனி அறையில் பதியலாம். ஒரு சுருதி பிசகினால் அந்த வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டலாம். தேவாலயத்தில் அது நடவாது. பாடகியின் மைக்கில் ட்ரம்ஸ் கேட்கும். பாடகர் குழுவின் மைக்கில் ஓர்கன் கேட்கும். எல்லா மைக்கிலும் சபையார் கேட்பார்கள். ஒருவர் இருமினால் அது நாற்பது வருடத்துக்குப் பிறகும் இருமும். ஆகவே ஒத்திகையை முன்கூட்டியே முடித்துவிட்டு வரவேண்டும். அன்றிரவு நடப்பது நடப்பதுதான். பிறகு செய்யக்கூடியது தெரிவும் வரிசையும் மட்டும். இந்த இசைத்தட்டிலும் அதைச் செய்தார்கள். முதல் இரவு மார்வின் கேயின் 'ஹோலி ஹோலி'யுடன் தொடங்கியது. 1972இல் வெளிவந்த தட்டோ லாசரு உயிர்த்தெழுந்த கதையைச் சொல்லும் 'மேரி, டோன்ட் யூ வீப்' உடன் தொடங்குகிறது. இரண்டு இரவுகளிலும் பாடியவற்றிலிருந்து எடுத்துக் கோத்தார்கள். இரு இரவுகளின் முழுப் பதிவும் 1999இல்தான் வெளியாயிற்று.

அந்தத் தட்டின் நடுநாயகம் 'அமேசிங் கிறேஸ்'. நம்மில் அநேகருக்குக் காலைப் பிரார்த்தனையிலிருந்தே தெரிந்த பாட்டு. எழுதியவர் ஜோன் நியூட்டன், அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்து பின்னர் குருவானவராகி, 1788இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராகவே நூல் வெளியிட்டவர். பாட்டு அச்சேறியது 1779இல். நாம் இன்று பாடும் மெட்டு அதோடு சேர்ந்தது 1835இல், அமெரிக்காவில். அடிமைகளைக் கடத்தியவனின் மனஸ்தாபத்தை அடிமைகளின் வழித்தோன்றல்கள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தாலே போதும். நாங்கள் அதை இரண்டரை நிமிடத்தில், கையில் புத்தகத்துடன், அசையாமல் நின்று பாடினோம். அரீத்தா ஏறக்குறைய பதினொரு நிமிடம் எடுக்கிறார். மெட்டே இல்லை என்று தோன்றும் அளவுக்கு ஒவ்வொரு அசையையும் இழுத்து, நிறுத்தி, மேலே ஏற்றி, மறுபடி இறக்கி. எங்கள் செவிக்கு அது ஆலாபனை. கச்சேரி கேட்டு வளர்ந்த நமது ஊர்ப் பெண்களுக்கு இந்தப் பதினொரு நிமிடம் புரிவது, ஐரோப்பியச் செவிக்குப் புரிவதைவிடச் சுலபம் என்பது எங்கள் துணிபு. அந்தப் பாட்டின்போது பியானோவில் இருந்த ஜேம்ஸ் கிளீவ்லண்டுக்கு வாசிக்க முடியவில்லை. எழுந்துபோய்க் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து அழுதார். பாடகர் குழுவில் இருந்தவர்களும் அழுதார்கள். இதைத்தான் சொல்கிறோம்: ஆளுக்கொரு நாட்டில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பதிந்தால், யாருடைய கண்ணீரும் யாரையும் தொடாது.

இரண்டாம் இரவு இன்னும் கூட்டம். பின்வரிசையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் சார்லி வாட்ஸும் வந்து நின்றார்கள். முன்வரிசையில் தந்தை சி. எல். ஃபிராங்ளின், பக்கத்தில் கிளாரா வார்ட், தொப்பி எறிந்த அதே கிளாரா வார்ட். தந்தையைப் பேச அழைத்தபோது, மகள் ஒருபோதும் தேவாலயத்தை விட்டுப் போகவில்லை என்ற கருத்துப்படப் பேசினார். பன்னிரண்டு வருடமாக ஊர் கேட்ட கேள்விக்கு ஒரு தகப்பன் எல்லோர் முன்னாலும் சொன்ன பதில் அது. அதன் பின் அரீத்தா தானே பியானோவில் அமர்ந்து, பதினான்கு வயதில் பாடிய 'நெவர் குறோ ஓல்ட்'டைப் பாடினார். வெப்பமும் படப்பிடிப்பு விளக்குகளும் சேர்ந்து முகம் முழுக்க வியர்வை. தகப்பன் எழுந்துபோய், அவர் பாடிக்கொண்டிருக்கையிலேயே, ஒரு துணியால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டார். ஒலித்தட்டில் அது கேட்காது. படத்தில்தான் பார்க்கலாம்.

படம் என்று சொன்னோம். அதற்கும் ஒரு கதை உண்டு. அந்த இரண்டு இரவுகளையும் படமெடுக்க வந்தவர் சிட்னி பொலக், ஹொலிவூட்டில் பெயர் பெற்ற இயக்குநர். பல கமராக்கள், ஏறத்தாழ 20 மணித்தியாலப் படச்சுருள். ஆனால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் பலகை தட்டவில்லை. சினிமாப் படப்பிடிப்பில் ஒருவர் பலகையைப் பட்டென்று தட்டுவாரே, அது அலங்காரத்துக்கல்ல. படமும் ஒலியும் வெவ்வேறு கருவியில் பதிவதால், பிறகு இரண்டையும் எங்கே பொருத்துவதென்று அறிய அந்தத் தட்டல்தான் அடையாளம். அது இல்லாமல் வாயசைவு ஓரிடம், குரல் ஓரிடம். உதடு வாசிப்பவர்களை வைத்தும் பார்த்தார்கள். பலனில்லை. முப்பத்தைந்து வருடம் பெட்டிக்குள் கிடந்தது. 2007இல் தயாரிப்பாளர் அலன் எலியட் உரிமையை வாங்கிக் கணினியின் உதவியால் பொருத்தி முடித்தார். இதற்கிடையில் பொலக் 2008இல் காலமானார்.

படம் தயாரானதும் அரீத்தா நீதிமன்றம் போனார். தன் அனுமதியின்றித் தன் முகத்தையும் குரலையும் வெளியிடக்கூடாதென்றார். 2011இல் ஒரு முறை, 2015இல் விழாத் திரையிடலுக்குச் சில மணித்தியாலங்களே இருக்கையில் மறுபடியும். 2018 ஆகஸ்ட் 16இல் அவர் இறந்த பின்னர், குடும்பத்தார் சம்மதிக்க, அந்த வருடம் நவம்பரில் முதன்முறை திரையிட்டார்கள். எங்கள் குழுவுக்குள் இதுபற்றி நல்ல வாக்குவாதம் நடந்தது. இவ்வளவு அழகான ஒன்றை மறைத்தது அநியாயம் என்றார்கள் சிலர். ஒரு பெண் பிரார்த்தித்த இரவு யாருக்குச் சொந்தம் என்று கேட்டார்கள் மற்றவர்கள். எங்களில் பெரும்பான்மை இரண்டாவது பக்கம். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்டபோது அவர் வேண்டாமென்றார்.

இசைத்தட்டோ வெளிவந்த 1972ஆம் ஆண்டே மக்களிடம் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் 20 இலட்சத்துக்கு மேல் விற்று, அரீத்தாவின் வாழ்நாளில் அதிகம் விற்ற தட்டாயிற்று. ஆனால் பதிவு நடந்து இரண்டு வாரத்தில், ஜனவரி 27இல், மஹாலியா ஜாக்சன் இறந்துபோனார். இறுதிச் சடங்கில் 'பிரெஷஸ் லோர்ட்' பாடியது அரீத்தாதான். அடுத்த ஜனவரியில் கிளாரா வார்ட்டும் போய்விட்டார். அந்த இரண்டாம் இரவு ஒரு வருடம் பிந்தியிருந்தால் முன்வரிசையில் அந்த ஆசனம் வெறுமையாகத்தான் இருந்திருக்கும். நமது கல்லூரிப் பாடகர் குழுவில் நாற்பதுகளில் பாடிய அக்காமார் இன்று எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று சங்கப் பதிவேட்டில் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கும் வீட்டிலிருந்து பதிந்து அனுப்பத் தெரியாது. ஆனால் கையைப் பிடித்துக் கூட்டி வந்து இந்த வாங்கில் இருத்தினால் ஓல்ட்டோ பகுதியை இன்றும் புத்தகமில்லாமல் பாடுவார்கள்.

இதெல்லாம் பெரிய கம்பனியும் பெரிய பாடகியும் செய்த காரியம், எங்களுக்கு எப்படி என்று பொருளாளர் கேட்பது காதில் விழுகிறது. அவருக்காக இன்னொன்று. 1967இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் ஓர் இளைஞர் பாடகர் குழு, பயணச் செலவுக்குப் பணம் சேர்க்க, தங்கள் தேவாலயத்திலேயே இரண்டு தடங்கள் மட்டும் பதியும் எளிய கருவியில் ஒரு தட்டைப் பதிந்தது. அச்சிட்டது 500 பிரதி. எட்வின் ஹோக்கின்ஸ் நடத்திய அந்தக் குழுவின் தட்டில் ஒரு பாட்டு 1969இல் வானொலிக்குப் போய் உலகைச் சுற்றியது: 'ஓ ஹப்பி டே'. நமது தட்டு உலகைச் சுற்றாது. ஆனால் 500 பிரதி நம்மால் முடியும்.

இன்னொரு கேள்வியையும் மறைக்காமல் எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் பாதிப்பேர் திருநீறு பூசி ஒத்திகைக்கு வருபவர்கள். அவர்கள் பாடுவது ஆராதனையா, கலைநிகழ்ச்சியா என்று இரு பக்கத்தாரும் கேட்டிருக்கிறார்கள். அரீத்தாவின் தட்டில் கரோல் கிங்கின் சிநேகிதப் பாட்டு 'பிரெஷஸ் லோர்ட்'டோடு பின்னப்பட்டிருக்கிறது. மேடை நாடகத்துக்காக எழுதிய 'யூல் நெவர் வோக் அலோன்' இருக்கிறது. கிளீவ்லண்ட் வந்திருந்தவர்களுக்கு இது தேவாலயம் என்று நினைவூட்டினாரே தவிர, யார் எதை நம்பி வந்தார்கள் என்று வாசலில் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் நாங்கள் ஒரே மண்டபத்தில் ஒரே பாட்டைப் பாடினோம். வீட்டுக்குப் போய்த் தேவாரமும் பாடினோம். எங்கள் வாயில் இரண்டுக்கும் இடம் இருந்தது. சங்கம் இதற்கு வரையறை வகுக்கத் தொடங்கினால் அல்டோவில் நால்வரும் சொப்ரானோவில் ஐவரும் குறைந்துபோவார்கள். மிஞ்சுவது ஆண்டு விழாவுக்குக்கூடக் காணாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. நூற்றாண்டு விழா நாளின் முதல்நாள் மாலையும் விழா மாலையும், இரண்டு தரம், இந்த மண்டபத்தில் பதிவோம். முதல்நாள் தவறினால் மறுநாள் இருக்கிறது. மின்விசிறிகளை நிறுத்த வேண்டி வரும். விசிறி ஓலை தருவோம். கைத்தொலைபேசிகள் வாசலில் ஒரு கூடையில். கடைசி வரியில் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும், சுருதி பற்றிக் கவலைப்படாமல். தன் குரலோ முகமோ பதிவாகக் கூடாதென்று நினைப்பவர்கள் எங்கள் செயலாளரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். காரணம் கேட்கமாட்டோம், கமரா அந்தப் பக்கம் திரும்பாது. மூத்த அக்காமாரை ஏற்றிவர வாகனம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

வாக்கெடுப்புக்கு முன் ஒன்றைக் கேட்போம். 1972 ஜனவரி 14, இரண்டாம் இரவு, 'நெவர் குறோ ஓல்ட்'. சற்று நீளம், தேநீர் பத்து நிமிடம் பிந்தும். தங்கச்சி, அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கோ.